குதிரை மசால் விதை: 165 அடியிலிருந்து 3 மைல் வரை

அமெரிக்க விதைச் சான்றளிப்பு விதிகளில் குதிரை மசாலுக்குரிய இடைவெளி, சான்று விதைக்கு 165 அடி, பதிவு விதைக்கு 300 அடி, ஆதார விதைக்கு 600 அடி. இவை இரகத் தூய்மைக்கான அளவுகள். கலப்பைக் குறைக்கும், பூஜ்யமாக்காது.

களைக்கொல்லி தாங்கும் மரபணு மாற்றக் குதிரை மசாலுக்கு 2005 ஜூனில் அனுமதி கிடைத்தது. 2007இல் நீதிமன்றம் நடவை நிறுத்தியது. 2011 ஜனவரியில் மீண்டும் அனுமதி. இடையே, 2008இல் அங்குள்ள குதிரை மசால் துறை கூட்டமைப்பு வகுத்த நடைமுறையில் இடைவெளி தேனீயைப் பொறுத்தது: இலைவெட்டித் தேனீக்கு 900 அடி, உவர்மண்ணில் கூடு கட்டும் தேனீக்கு 1 மைல், வளர்ப்புத் தேனீக்கு 3 மைல்.

900 அடியையும் 3 மைலையும் ஒப்பிட்டால் தூரம் 17.6 மடங்குதான், பரப்பு 310 மடங்கு. ஒரு புள்ளியைச் சுற்றி 900 அடி ஆரத்தில் வட்டம் போட்டால் 58 ஏக்கர். 1 மைலுக்கு 2,011 ஏக்கர். 3 மைலுக்கு 18,096 ஏக்கர். அண்டை விவசாயிகளின் ஒத்துழைப்பின்றி இத்தனை நிலத்தைக் காக்க எந்த விதை உற்பத்தியாளராலும் முடியாது.

தேனீக்குத் தேனீ இடைவெளி மாறும் இந்த வேறுபாடு பூவிலேயே தொடங்குகிறது. கீழிதழ்களுக்குள் விறைத்து அடங்கியிருக்கும் சூலகத்தண்டு, தேனீ அழுத்தியதும் விடுபட்டு அதன் தலையில் அடிக்கிறது. இலைவெட்டித் தேனீ அந்த அடியைப் பொருட்படுத்தாமல் கூட்டுக்கு அருகிலேயே பூக்களைத் திறக்கும். வளர்ப்புத் தேனீயோ பக்கவாட்டில் தேனெடுக்கப் பழகிவிடும். மைல் கணக்கில் பறக்கவும் செய்யும்.

வயலுக்கு வெளியிலும் கணக்கு உண்டு. 2011, 2012ஆம் ஆண்டுகளில் மூன்று விதை உற்பத்தி மாவட்டங்களின் சாலையோரங்களில் நடந்த ஆய்வில், தானாக முளைத்த குதிரை மசால் 404 இடங்களில் இருந்தது. அவற்றில் 27 சதவீதத்தில், அதாவது சுமார் 109 இடங்களில், மாற்று மரபணு காணப்பட்டது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் 32.7 சதவீதம், வாஷிங்டனின் வாலா வாலாவில் 8.3 சதவீதம். கிட்டத்தட்ட 4 மடங்கு. இதற்கு மகரந்தத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது; வண்டிகளிலிருந்து சிந்திய விதைக்கும் பெரும் பங்குண்டு.

1 கிலோவில் சுமார் 4.4 லட்சம் விதைகள் இருக்கும். கலப்பு 0.1 சதவீதம் என்றாலும் கிலோவுக்கு 440 விதை; ஏக்கருக்கு 9 கிலோ விதைத்தால் ஏறத்தாழ 4,000. இதில் கடின உறை கொண்டவை உடனே முளைக்காமல் அடுத்தடுத்த ஆண்டுகளில் தலைகாட்டும்.

ஆகவே இடைவெளியை வயலுக்கும் வயலுக்கும் இடையே மட்டும் அளந்தால் போதாது. வாய்க்கால் கரையிலும் சாலையோரத்திலும் நிற்கும் செடியைப் பூக்குமுன் அகற்றுவதையும், விதை வண்டியைச் சிந்தாமல் மூடுவதையும் 3 மைல் விதிக்கு இணையான கட்டாயமாக்க வேண்டும்.