செம்பு சொல்லும் பாடம்

நம் வீட்டில் இருக்கும் பித்தளைச் செம்பை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. கை தானாக அதன் கழுத்தைப் பற்றுகிறது, நீரை மொள்கிறது, மீண்டும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறது. நம் நாட்டின் வடிவமைப்புக் கல்விக்கு அடித்தளமிட்ட அறிக்கை ஒன்று இந்த எளிய கலத்தைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது என்பது வாசகர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கடந்திருந்த வேளையில், சிறுதொழில்களுக்கு உதவும் வகையில் வடிவமைப்புப் பயிற்சியை எவ்வாறு தொடங்கலாம் என ஆராய்ந்து கூறுமாறு அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியரை இந்திய அரசு கேட்டுக்கொண்டது. அவர்கள் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று, கைவினைஞர்களையும் எழுத்தாளர்களையும் தொழில்முனைவோரையும் சந்தித்து, 1958-ஆம் ஆண்டு தம் அறிக்கையை அளித்தனர். தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததாக அவர்கள் குறிப்பிட்டது ‘லோட்டா’ என்று வடநாட்டார் வழங்கும் செம்பைத்தான்.

கேள்விகளே பாடத்திட்டம்

ஒரு செம்பைப் புதிதாக வடிவமைப்பதாக இருந்தால் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும்? ஈம்ஸ் தம்பதியர் ஒரு நீண்ட கேள்விப் பட்டியலையே எழுதினர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? அதைத் தூக்குபவர் ஆணா, பெண்ணா? அவருடைய கை எவ்வளவு வலிமையுடையது? தலையில் சுமப்பாரா, இடுப்பில் இடுக்குவாரா? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் அது சாயாமல் நிற்குமா? உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா? உள்ளிருக்கும் நீர் சூடாக இருந்தால் கையால் பற்ற முடியுமா? நீரை ஊற்றும்போது எத்தகைய ஓசை எழும்? என்ன விலை ஆகும்? இப்படி விரிந்த அந்தப் பட்டியலின் பெரும்பாலான கேள்விகளில் ஒரு மனிதர் நிற்கிறார். அவருடைய உள்ளங்கை, இடுப்பு, பணப்பை, அன்றாட வேலை ஆகியவையே உலோகத்தின் வளைவைத் தீர்மானிக்கின்றன.

அவர்கள் சுட்டிய மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. செம்பை உருவாக்கியவர் என்று எந்தத் தனிமனிதரையும் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பலர் பயன்படுத்தி, குறை கண்டு, சிறிது சிறிதாகத் திருத்தியதன் விளைவே அது.

இந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அதன் தொடக்க காலத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்கள் கௌதம் சாராபாய், அவருடைய சகோதரி கிரா சாராபாய் ஆகியோர். விரிவுரையைக் கேட்டுத் தேர்வெழுதும் முறைக்கு மாறாக, செய்து பார்த்துக் கற்கும் முறையை அந்நிறுவனம் மேற்கொண்டது. மாணவர் பட்டறையில் மரத்தையும் களிமண்ணையும் கையாள்வதோடு, மக்கள் வாழும் இடத்துக்கே சென்று அவர்களைக் கவனித்துத் திரும்ப வேண்டும்.

ஜெய்ப்பூரில் ஒரு கூட்டுமுயற்சி

இந்த அணுகுமுறை கல்விக்கூடத்துக்கு வெளியேயும் தழைத்ததற்கு ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நல்ல சான்று. 1960-களில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் காலை இழந்தவர்களுக்கு மேலைநாட்டு முறையிலான செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. அது காலணிக்குள் செருகி நடப்பதற்காக உருவாக்கப்பட்டது. நாற்காலியில் அமரும் வாழ்க்கைக்கு ஏற்றது. நம் உழவரோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவர். குந்தி அமர்ந்து வேலை செய்பவர். சம்மணமிட்டு உணவு உண்பவர். எனவே, அக்காலைப் பெற்றுச் சென்றவர்களில் பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலையே மீண்டும் நாடினர்.

இதைக் கூர்ந்து கவனித்தவர் அம்மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைவினை கற்பித்துவந்த ராம் சந்திர சர்மா. முறையான பள்ளிக் கல்வி அதிகம் பெறாதவர்; மரபுவழிக் கைவினைஞர். சக்கரங்களுக்குப் பயன்படும் கடினப்படுத்திய ரப்பரைக் கொண்டு பாதம் செய்யலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. எலும்புமுறிவு மருத்துவர் பி.கே. சேத்தியும் அவருடன் பணியாற்றிய பிற மருத்துவர்களும் உடற்கூற்று அறிவை அதனோடு சேர்த்தனர். வளையக்கூடிய, ஈரத்தைத் தாங்கக்கூடிய, மனிதத் தோலின் நிறமுடைய பாதம் 1968 வாக்கில் உருப்பெற்றது. 1975-இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை ஏழை மக்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. மருத்துவர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. விபத்தில் வலக்காலை இழந்த நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் ஜெய்ப்பூர்க் காலுடன் மீண்டும் மேடையேறியதைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவர்.

அறுவை மருத்துவர் ஒருவர் கைவினைஞரின் பேச்சைச் செவிமடுக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. மருத்துவரின் துணையின்றிக் கைவினைஞர் மட்டும் முயன்றிருந்தாலும் நோயாளியின் உடல் அதைத் தாங்கியிருக்குமா என்பது ஐயமே. பதவியின் உயரத்தை மறந்து ஒரே பணிமேசையில் அமர்வதையே நாம் குழுப்பணி என்று போற்றுகிறோம்.

கேள்வியையே மாற்றிய மாணவர்கள்

2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த மாணவர் நால்வருக்கு ஒரு வகுப்புப் பணி தரப்பட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டர் கருவியை மிக மலிவாகச் செய்ய வேண்டும் என்பதே அது. அவர்களுள் ஒருவர் நேபாளத்துக்குச் சென்று பார்த்தார். நகர மருத்துவமனையில் கருவிகள் இருந்தன. பல காலியாகக் கிடந்தன. ஏனெனில் குழந்தைகள் தொலைவிலுள்ள சிற்றூர்களில் பிறந்தன. ஆகவே, விலை மலிந்த கருவி என்னும் இலக்கைக் கைவிட்டு, மின்சாரம் நிலையாக இல்லாத வீட்டிலும் குழந்தையின் உடற்சூட்டைக் காப்பது எப்படி என்ற கேள்வியை அக்குழு எடுத்துக்கொண்டது. சூட்டைத் தேக்கி வைத்து, சில மணி நேரம் 37 பாகை செல்சியசில் நிலைநிறுத்தும் மெழுகு போன்ற பொருளடங்கிய உறையுடன், சிறு படுக்கைப் பை ஒன்று உருவாயிற்று. பின்னர் அவர்கள் இந்தியாவுக்கு வந்து பெங்களூருவில் பணியைத் தொடர்ந்தனர்.

இங்கும் ஒரு தாய் அவர்களுக்கு ஆசிரியராக அமைந்தார். வெப்ப அளவைக் காட்டும் எண்களைப் பார்த்த அவர், மேல்நாட்டு மருந்து வீரியம் மிக்கது என்பதால், சொன்ன அளவைவிடக் குறைவாகவே சூடாக்குவேன் என்றாராம். குழந்தையின் மீதுள்ள அக்கறையால் எழுந்த எண்ணம் அது. ஆயினும் குழந்தைக்கு ஆபத்தானது. எண்களை நீக்கிவிட்டு, போதிய சூடு உண்டா இல்லையா என்பதை மட்டும் காட்டும் குறியை அக்குழுவினர் அமைத்தனர்.

எங்கள் கிளையில் நடந்தது

மேற்கண்ட செய்திகளை நூல்களில் படித்தபோது எனக்கு அவை வெறும் செய்திகளாகவே தோன்றின. வணிகவியல் பயின்ற எனக்கு வரவும் செலவும் கணக்கில் நேராக வர வேண்டும், அவ்வளவே. சில ஆண்டுகளுக்கு முன் ராஜஸ்தானின் சிற்றூர்க் கிளை ஒன்றில் பணியாற்றியபோதுதான் அவற்றின் பொருள் விளங்கியது.

அங்கே கூட்ட நெரிசலைக் குறைக்க டோக்கன் இயந்திரம் நிறுவினோம். பொத்தானை அழுத்தினால் எண் அச்சிட்ட சீட்டு வரும். திரையில் எண் தோன்றும்போது கவுன்ட்டருக்கு வரவேண்டும். சராசரிக் காத்திருப்பு நேரம் குறைந்துவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியவன் நான்தான். பாராட்டும் வந்தது.

ஒரு மாதம் கழித்து எங்கள் பாதுகாவலர், முன்னாள் படைவீரர், தயங்கியபடியே என்னிடம் ஒன்றைச் சொன்னார். ஓய்வூதியம் பெறும் மூதாட்டி ஒருவர், இரண்டு நாள்களாகச் சீட்டைக் கையில் பிடித்தவாறு நண்பகல்வரை அமர்ந்திருந்து, பணம் பெறாமலே திரும்பிப் போயிருக்கிறார். அவருக்கு எண்களைப் படிக்கத் தெரியாது. அழைத்தும் வராத எண்ணை இயந்திரம் நீக்கிவிடும். ஆகவே அவருடைய காத்திருப்பு என் சராசரியில் சேரவே இல்லை.

மறுநாள் அவர் வந்தபோது எழுந்து சென்று மன்னிப்புக் கேட்டேன். “படிக்காதது என் குற்றம்தானே மகனே, நீ என்ன செய்வாய்?” என்றார். மருந்துக் கடையில் கடன் சொல்லிவிட்டு வந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் மேலாளர் அம்மையார் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் முற்பகல் முழுவதும் வாடிக்கையாளர் பெஞ்சில் அமர்ந்து கவனித்தார். மாலையில் காசாளர், எழுத்தர், பாதுகாவலர், துப்புரவுப் பணியாளர் என அனைவரையும் அழைத்து, எல்லோருக்கும் கடைசியாகவே தாம் பேசினார். ஓய்வூதியர்களுக்குப் பச்சை நிற அட்டை கொடுத்துப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்ற யோசனை பாதுகாவலரிடமிருந்து வந்தது. வாசலிலேயே ஒரு நாற்காலி போடலாம் என்றார் துப்புரவுப் பணியாளர். இரண்டையும் அந்த வாரமே செய்தோம். செலவு மிகச் சொற்பம். அடுத்த அறிக்கையில் எனது சராசரி சற்றே கூடியிருந்தது. மேலாளர் அதை மாற்றாமல், காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினார். தலைமைப் பண்பு குறித்து நான் கேட்ட பயிற்சி உரைகள் பல மறந்துவிட்டன. அந்தக் கையொப்பம் மறக்கவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்களிடம் உள்ள 500 ரூபாய்த் தாளை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அதன் இடப்புற, வலப்புற ஓரங்களைத் தடவிப் பாருங்கள். சற்றே எழும்பிய ஐந்து சாய்கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். 100 ரூபாய்த் தாளில் நான்கு கோடுகள். 200 ரூபாய்த் தாளில் நான்கு கோடுகளும் இடையே இரு வட்டங்களும் இருக்கும். பார்வைக் குறைபாடு உடையவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை இவை. ஒவ்வொரு தாளின் அச்சிலும் இப்படி ஒரு மனிதரை நினைவில் கொள்ள முடியுமானால், ஒவ்வொரு படிவத்திலும் கவுன்ட்டரிலும் கடையிலும் ஏன் முடியாது?

வங்கிக் கிளைகளில் வாடிக்கையாளர் சேவைக் குழு இயங்க வேண்டும், அதில் வாடிக்கையாளர்களும் இடம்பெற வேண்டும், இயன்றவரை மூத்த குடிமக்கள் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். உங்கள் கிளையில் அக்குழு எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். படிவத்தில் புரியாத வரியையும், எட்டாத உயரத்தில் உள்ள மேசையையும் அங்கே எடுத்துச் சொல்லுங்கள். தொழில் நடத்துவோர், மாதத்தில் ஒரு நாளேனும் தம் கடையின் கல்லாப்பெட்டிக்கு எதிர்ப்புறம் நின்று பாருங்கள். கடைநிலை ஊழியரை முதலில் பேசவிடுங்கள்.

அந்த மூதாட்டி பிறகும் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தார். பச்சை அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். பெயர் சொல்லி அழைத்ததும், தம் பெயரைச் சரியாகச் சொன்னோமா என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவார்.