பழனி மலை அடிவாரத் தொடர்வண்டிப் பயணம்

பழனி மலைத்தொடர் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரியும் ஒரு கிளை ஆகும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டரும், வடக்கு தெற்காக ஏறத்தாழ 40 கிலோமீட்டரும் பரந்துள்ள இம்மலைத்தொடரின் மேல் கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. உதகமண்டலம், டார்ஜிலிங், சிம்லா ஆகிய மலை நகரங்களைப் போலன்றி, கொடைக்கானலுக்கு இருப்புப்பாதை கிடையாது. ஆயினும் இம்மலையின் கிழக்கு, வடக்கு, தெற்கு ஆகிய மூன்று பக்கங்களிலும் அடிவாரத்தை ஒட்டித் தொடர்வண்டிகள் ஓடுகின்றன. இப்பாதைகளைக் கொண்டு ஒரு பயணத்தை எவ்வாறு திட்டமிடலாம் என்பதையும், எவ்வகைப் பயணச்சீட்டு இதற்குப் பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பழனி முருகன் கோயில் அமைந்துள்ள குன்றையும் மக்கள் பழனி மலை என்றே அழைப்பதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. அக்குன்று மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் தனித்து நிற்பது. அதில் 1966 முதல் இயங்கிவரும் விஞ்ச் எனப்படும் இழுவை வண்டி தண்டவாளத்தின் மீது செல்வதே. எனவே "பழனி மலையில் இரயில் ஏறினேன்" என்று ஒருவர் கூறினால் அது முற்றிலும் பொய்யன்று.

மூன்று பாதைகள்

கிழக்குப் பாதை திண்டுக்கல் - மதுரை முதன்மைப் பாதையாகும். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை வரையிலான இருப்புப்பாதை 1875 இல் திறக்கப்பட்டது. அம்மையநாயக்கனூர் அருகேயுள்ள நிலையமே இன்று கொடைக்கானல் ரோடு (கொடை ரோடு) என அழைக்கப்படுகின்றது. பெயரைக் கண்டு இறங்கியவுடன் கொடைக்கானல் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கிருந்து நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இச்சாலை 1914 இல் நிறைவு பெறும் முன்னர், பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தான நடைபாதையில் குதிரையிலோ டோலியிலோ நடந்தோ ஏறினர். தொடர்வண்டி தெற்கு நோக்கிச் செல்கையில் வலப்புறம் பழனி மலையும் இடப்புறம் சிறுமலையும் தெரியும்.

வடக்குப் பாதை திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சிக்குச் செல்கிறது. மீட்டர் பாதையாக இருந்த இது அகலப்பாதையாக மாற்றப்பட்டு, திண்டுக்கல் - பழனி பகுதி 2012 இலும் பழனி - பொள்ளாச்சி பகுதி 2015 இலும் மீண்டும் திறக்கப்பட்டன. மேற்கு நோக்கிச் செல்லும்போது இடப்புறச் சன்னல் இருக்கையே சிறந்தது. முதலில் பழனி மலையும், பழனியைக் கடந்தபின் ஆனைமலையும் அப்பக்கமே தொடர்கின்றன. மூன்று பாதைகளிலும் மலையை நெடுநேரம் காட்டுவது இதுவே.

தெற்குப் பாதை மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை 90 கிலோமீட்டர் நீளமுடையது. 1928 இல் திறக்கப்பட்ட இதன் மீட்டர் பாதைச் சேவை 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. அகலப்பாதையில் தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 சூன் மாதத்திலும் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் தொடர்வண்டியின்றி இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்ததும் வலப்புறத்தில் பழனி மலையின் தென்முகம் தோன்றும்.

போடிக்கு மேலே, கேரள எல்லையிலுள்ள டாப் ஸ்டேஷன் என்னும் இடத்தின் பெயர் ஒரு மறைந்த இருப்புப்பாதையின் எச்சமாகும். மூணாறிலிருந்து தேயிலையைக் கொண்டுவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் இங்கு முடிவடைந்தது. இங்கிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பட்ட தேயிலை போடிக்குச் சென்றது. 1924 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அப்பாதை அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை.

பயண அட்டைகள்: ஐரோப்பாவும் இந்தியாவும்

ஒரே கட்டணத்தில் பல நாட்கள் பயணம் செய்ய உதவும் பயண அட்டைகள் (பாஸ்) ஐரோப்பாவில் புகழ்பெற்றவை. யூரெயில் அட்டை 1959 இல் ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்வோருக்காகவும், இன்டர்ரெயில் அட்டை 1972 இல் ஐரோப்பிய இளைஞர்களுக்காகவும் தொடங்கப்பட்டன. இன்று இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வாழும் எல்லா வயதினருக்கும் உரியது. இந்தியாவிலிருந்து செல்வோர் யூரெயில் அட்டையையே வாங்க வேண்டும்.

இவ்வட்டைகளை வாங்குவோர் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. அட்டை பயணக் கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்யும். இருக்கை முன்பதிவுக் கட்டணம் பல வண்டிகளில் தனி. பிரான்சின் அதிவேக வண்டிகளிலும், சுவிட்சர்லாந்தின் பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்ற காட்சி வண்டிகளிலும் முன்பதிவு கட்டாயம். ஆனால் அதே பெர்னினா பாதையில் ஓடும் சாதாரண வட்டார வண்டியில் முன்பதிவின்றி ஏறலாம். மலை இரண்டுக்கும் ஒன்றே. வட்டார வண்டியில் சன்னலையும் திறக்க முடிவது கூடுதல் நன்மை.

இந்தியாவில் இவற்றுக்கு இணையாக இருந்தது இந்த்ரெயில் அட்டை ஆகும். வெளிநாட்டினருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் அமெரிக்க டாலர் விலையில் விற்கப்பட்ட இது 2017 நவம்பரில் கைவிடப்பட்டது. பழைய பயண நூல்களை நம்பி இன்றும் சிலர் இதைத் தேடுகின்றனர்.

உள்நாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுப்பயணச் சீட்டு என்றொரு முறை உள்ளது. புறப்பட்ட நிலையத்திலேயே பயணம் முடிய வேண்டும்; இடையில் எட்டு இடங்கள் வரை தங்கிச் செல்லலாம். மொத்தத் தொலைவை இரண்டாகப் பகுத்து, ஒவ்வொரு பாதியையும் ஒரு தனிப் பயணமாகக் கொண்டு கட்டணம் கணிக்கப்படும். தொலைவு கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால், பல சிறு சீட்டுகளை வாங்குவதைவிட இது மலிவாகும். எடுத்துக்காட்டாக, 2,000 கிலோமீட்டர் சுற்றுப்பயணத்திற்கு இரண்டு 1,000 கிலோமீட்டர் பயணங்களின் கட்டணமே பெறப்படும். ஒவ்வொரு கட்டத்திற்கும் படுக்கையோ இருக்கையோ தனியே முன்பதிவு செய்தாக வேண்டும்.

இப்பயணத்திற்குப் பொருந்துவது எது?

பழனி மலையைக் காண மிகச் சிறந்த வழி, கொடை ரோட்டில் இறங்கிக் கிழக்குப் பக்கமாக ஏறி, கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை வழியாக வடக்குச் சரிவில் பழனிக்கு இறங்குவதாகும். இவ்விறக்கம் சுமார் 65 கிலோமீட்டர். பின்னர் பழனியில் மீண்டும் தொடர்வண்டி ஏறலாம். மலையை முழுவதுமாகக் கடந்த நிறைவும் கிடைக்கும். ஏறிய சாலையிலேயே திரும்பவும் வேண்டியதில்லை.

ஆனால் சுற்றுப்பயணச் சீட்டு இங்கு உதவாது. அச்சீட்டு தொடர்ச்சியான இருப்புப்பாதைக்கே உரியது. கொடை ரோட்டுக்கும் பழனிக்கும் இடையே நாம் செல்வது பேருந்தில். சுவிஸ் பயண அட்டையில் தொடர்வண்டி, அஞ்சல் பேருந்து, ஏரிப் படகு அனைத்தும் அடங்கும். எனவே அங்கு இருப்புப்பாதை இல்லாத மலையூரும் அட்டைக்குள் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இரயில்வே நடுவண் அரசினது, பேருந்து மாநில அரசினது; இரண்டையும் இணைக்கும் சீட்டு இம்மலைக்கு இல்லை. ஆகவே சென்னையிலிருந்து வருவோர் சென்னை - கொடை ரோடு, பழனி - சென்னை என இரு தனிச் சீட்டுகளை வாங்குவதே தகும். இரு ஊர்களுக்கும் நேரடி இரவு வண்டிகள் உண்டு. இந்தியக் கட்டணங்கள் குறைவாகையால், இங்கு மிச்சப்படுத்த வேண்டியது பணத்தைவிட முன்பதிவு வாய்ப்பையே. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. கோடை விடுமுறைக்கும் தைப்பூசத்திற்கும் பயணம் செய்வோர் அந்த அறுபதாம் நாளைத் தவறவிடக் கூடாது.

இரவு வண்டிகளுக்கு ஒரு குறை உண்டு. சென்னையிலிருந்து வரும் பாண்டியன் விரைவுவண்டி கொடை ரோட்டை விடியும் முன்னரே அடைந்துவிடுகிறது. மலை இருளில் மறைந்திருக்கும். காட்சிக்காகவே வருவோர் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஓர் இரவு தங்கி, பகல்நேரப் பயணிகள் வண்டியில் பொதுப்பெட்டிச் சீட்டுடன் செல்லலாம். பெர்னினாவின் வட்டார வண்டிக்கு நம்மூர் இணை இதுவே. போடிப் பாதையில் காலையில் மதுரையிலிருந்து சென்று மாலையில் திரும்ப இயலும். கால அட்டவணை அவ்வப்போது மாற்றப்படுவதால் புறப்படுமுன் சரிபார்ப்பது நலம்.

மலை மீதே தொடர்வண்டியில் ஏற விரும்புவோர் பழனியிலிருந்து பொள்ளாச்சி, கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் சென்று நீலகிரி மலை இரயிலைப் பிடிக்கலாம். 1908 இல் உதகமண்டலம் வரை நிறைவடைந்து, 2005 இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இப்பாதை 46 கிலோமீட்டர் நீளமுடையது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டத்தின் உதவியால் 12.5 க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது. மழைக்காலங்களில் மண்சரிவால் சேவை நிறுத்தப்படுவதுண்டு. இத்துடன் சேலம் வழியாகச் சென்னை திரும்புவோருக்கும் மேற்கூறிய காரணத்தால் தனிச் சீட்டுகளே ஏற்றவை. கொடைக்கானல் மலைச்சாலையை விட்டு, திண்டுக்கல்லிலிருந்தே வடக்குப் பாதையில் செல்வதானால் மட்டும் சுற்றுப்பயணச் சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. இது மேற்கூறிய பயண அட்டைகளோடு தொடர்பற்றது. ஊருக்குள் நுழைவதற்கான இசைவு மட்டுமே. தொடர்வண்டியில் வந்து அரசுப் பேருந்தில் மலையேறுவோருக்கு இது தேவையில்லை.