நினைவக அட்டையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

நினைவக அட்டையின் முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் நொடிக்கு 170 எம்பி (மெகாபைட்) போன்ற எண், பெரும்பாலும் அட்டையிலிருந்து கோப்பைப் படிக்கும் உச்ச வேகத்தையே குறிப்பதால், கேமராவில் பதிவு செய்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. காணொளி இடையில் நின்றுவிடாமல் பதிவாக, எழுதும் வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காதிருக்க வேண்டும். நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் என்னும் அந்த உறுதியைத் தருவது, ஓரத்தில் சிறிதாகத் தெரியும் வி30 என்ற குறிதான். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு 100 மெகாபிட்டில் பதியும் 4கே காணொளிக்கு 12.5 மெகாபைட்டே போதும். விலை மிகுந்த வி90 பலருக்கும் வீண் செலவு. கொள்ளளவையும் கவனிக்க வேண்டும்: 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி வகையைப் பழைய கேமராக்கள் சில ஏற்பதில்லை. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகளும் சந்தையில் உலவுவதால், புதிய அட்டையை முழுவதும் நிரப்பி, கோப்புகள் திறக்கின்றனவா என்று சோதித்த பின்னரே கல்யாணம் போன்ற நிகழ்ச்சிகளைப் படமெடுக்க எடுத்துச் செல்ல வேண்டும்.