பேசாத வேதனைக்குச் சட்டத்தின் துணை

ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினர், பல மொழியினரோடும் பல சமயத்தினரோடும் அண்டை அயலாராய்ப் பழகி வருகின்றோம். வாணிபத்திலும் கல்வியிலும் சிறந்த தாவூதி போஹ்ரா சமூகத்தினரும் இந்நகரில் வாழ்கின்றனர். அச்சமூகத்துப் பெண்மணிகள் சிலரே, தலைமுறை தலைமுறையாக மறைத்து வைக்கப்பட்ட ஒரு வழக்கத்தைக் குறித்து வாய் திறந்துள்ளனர். ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுமியரின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை வெட்டும் 'கத்னா' என்பதே அது.

இஃது எங்கோ நடப்பதென்று நாம் ஒதுங்கிவிட இயலாது. இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றிலும் இது உண்டு. செய்பவளை அங்கே 'ஒஸ்தா மாமி' என்பர். உலகில் இதற்கு ஆளான பெண்கள் 23 கோடிக்கும் மேல் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2024-இல் அறிவித்தது. இதனால் உடலுக்கு யாதொரு நன்மையும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான கருத்து. இரத்தப் பெருக்கும், நோய்த் தொற்றும், நீங்காத மன அச்சமுமே மிஞ்சுகின்றன.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2017-இல் வழக்கறிஞர் சுனிதா திவாரி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தொடுத்தார். உள்ள தண்டனைச் சட்டத்தின்படியும், 2012-இன் போக்சோ சட்டத்தின்படியும் இது குற்றமே என மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் வாதிட்டார். இது தீங்கற்ற சமயக் கடமை, சமய சுதந்திரத்தில் அடங்கும் என்றனர் எதிர்த்தரப்பினர். 2018-இல் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2019-இல் சபரிமலை மறுஆய்வு எழுப்பிய பெரிய கேள்விகளோடு இதுவும் இணைந்தது.

சிறுமியை அழைத்துச் செல்பவள் பெரும்பாலும் பெற்ற தாய் அல்லது பாட்டி. புகார் எழுதினால் தாயே சிறை செல்வாள் என்றால் எந்த மகள் எழுதுவாள்? ஆகவே தண்டனை மட்டும் போதாது, பாதுகாப்பும் வேண்டும். பிரிட்டன் 1985-இலேயே இதனைத் தடை செய்தது. ஆயினும் 2015-இல்தான் பாதிக்கப்பட்டவரின் பெயரை வாழ்நாள் முழுதும் மறைத்துக் காக்கவும், தீங்கு நேரும் முன்பே நீதிமன்றம் தடையாணை இடவும் வழி செய்தது. இலங்கைச் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யலாகாதென 2018-இல் சுற்றறிக்கை விடுத்தது.

தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முனைந்தபோதும், "இது சமய வழக்கம்" என்ற தடையே எழுந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் வந்தது. சமயம் குன்றிவிடவில்லை, பெண்கள் தலைநிமிர்ந்தனர்.

சகோதரிகளே! அயலாரின் சமயத்தை இகழ்தல் நம் பணியன்று. நம்பி வந்து ஒரு பெண் சொன்னால், பொறுமையாய்க் கேட்பீர். அவள் பெயரைப் பிறர் வாயில் விடாதீர். ஒரு குழந்தைக்கு ஆபத்தென்று அறிந்தால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பீர். நம் நகரக் காவல்துறை 2016-இல் தொடங்கிய 'பரோசா' உதவி மையமும் உண்டு. பரோசா என்றால் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அண்டை வீட்டுச் சிறுமிக்கு முதலில் அளிக்கக்கூடியவர் நாமே.