அரக்கோணத்தில் ஓர் அல்பட்ராஸ்!



நம் காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணத்துக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? சுமார் 30 கி.மீ. தூரம்தான். அங்கே இந்தியக் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. பெயர், ஐ.என்.எஸ். ராஜாளி. 1992-ல் தொடங்கப்பட்டது.

'கடலே இல்லாத ஊரில் கடற்படையா?' என்று கேட்பீர்கள். பெரிய விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டுமே! இங்குள்ள ஓடுபாதையின் நீளம் சுமார் 4 கி.மீ. விமானம் கிளம்பிவிட்டால், வங்கக் கடல் பக்கத்து வீடு மாதிரிதான்!

இங்கே இருப்பது 312-ம் விமானப் பிரிவு. கடல்மேல் நெடுந்தூரம் பறக்கும் பறவையான 'அல்பட்ராஸ்' என்பது இதன் செல்லப் பெயர். 1976-ல் கோவாவில் இந்தப் பிரிவு உருவானது. 1988-ல் சோவியத் நாட்டிடமிருந்து 8 'டி.யு.-142' விமானங்கள் இதற்கு வாங்கப்பட்டன. 1992-ல் அவை அரக்கோணம் வந்தன.

அப்பாடா! எவ்வளவு பெரிய விமானம் தெரியுமா? நீளம் சுமார் 53 மீட்டர். 4 என்ஜின்கள். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக 2 சுழல்விசிறிகள். ஒன்று வலப்பக்கம் சுற்றினால், மற்றது இடப்பக்கம் சுற்றும்!

இதன் வேலை, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிப்பது. ஒலி கேட்கும் மிதவைக் கருவிகளை விமானம் கடலில் போடும். தண்ணீருக்குள் கப்பல் எழுப்பும் ஓசையைக் கேட்டு, அவை ரேடியோ மூலம் விமானத்துக்குச் சொல்லிவிடும். பிறகு ஒளிய முடியுமா?

இந்த விமானங்கள் 29 ஆண்டுகளில் சுமார் 30,000 மணி நேரம் பறந்தன. நாட்களாகக் கணக்கிடுங்கள் பார்க்கலாம். 1,250 நாட்கள்! இதில் பெருமை என்ன தெரியுமா? ஒரு விபத்துகூட இல்லை.

இது அதிர்ஷ்டமல்ல, பிள்ளைகளே! நம் ஊர்த் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி, அதைப் பிணைத்த பிறகே மேலே நெய்வார். அப்படித்தான் தரையில் இருந்த ஊழியர்களும் ஒவ்வொரு முறையும் விமானத்தைச் சோதித்து அனுப்பினார்கள். பறந்தவர்களை எல்லோரும் பார்த்தார்கள். திருகாணியைச் சரிபார்த்தவர்களை யார் பார்த்தார்கள்? அவர்களால்தான் பறந்தவர்கள் பத்திரமாக வீடு திரும்பினார்கள்.

2017 மார்ச் 29 அன்று டி.யு.-142 விமானங்கள் ஓய்வு பெற்றன. அவற்றின் பணியை, 2013 முதல் அரக்கோணம் வந்த 'பி-8ஐ' விமானங்கள் ஏற்றன. பழைய விமானங்களில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் உள்ளே ஏறிப் பாருங்கள்.

பரீட்சைத் தாளைக் கொடுக்கும் முன் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னால், இனி முகம் சுளிக்க மாட்டீர்கள்தானே?