செம்புக்கு ஆசைப்பட்டு...

எங்கள் வீடு நோணாங்குப்பத்தில், சுண்ணாம்பாற்றுக்குப் பக்கத்தில். போன கோடை லீவில் என் பையன் பழைய சார்ஜர், டி.வி. ஒயர்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினான். "செம்புக் கம்பியைப் பழைய இரும்புக் கடையில போட்டா காசும்மா" என்றான். கெட்டிக்காரப் பிள்ளை என்று நானும் பூரித்துப்போனேன்.

அன்று ராத்திரியே மாமியாருக்கு மூச்சுத் திணறல். டாக்டரிடம் ஓடினோம். "பக்கத்துல ஏதாவது எரிச்சீங்களாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். ஒயரின் மேலுறை பி.வி.சி. பிளாஸ்டிக்காம். எரிந்தால் மூச்சுக்குழலை அரிக்கும் அமில வாயுவோடு, புற்றுநோய் தரும் டயாக்சின் விஷமும் வருமாம். செம்பு விற்ற காசு ஆட்டோவுக்கே போதவில்லை!

இப்போது தீர்ந்த பேட்டரி, சார்ஜர், செல்போனுக்கெல்லாம் தனி அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். ட்யூப் லைட்டில் பாதரசம் உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பம் போடாமல் அட்டையால் வாருங்கள். 2022-ம் வருட மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய சாதனங்களை மறுசுழற்சி செய்ய வைப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. அதனால் புதுசு வாங்கும்போதே, "பழசை எடுத்துக்குவீங்களா?" என்று கடையில் கேளுங்கள்.

காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். மூச்சு போனால்? உஷார் தோழிகளே!

- ஒரு இல்லத்தரசி, நோணாங்குப்பம், புதுச்சேரி.