வாசனை கிருமியைக் கொல்லாது

மழை விட்ட மறுநாள் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் தெருவோரம் வெள்ளைக் கோடு விழும். பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்து கால்வாய் ஓரமாகத் தூவிவிட்டுப் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு வேலை நடந்துவிட்டது என்ற நிம்மதி. ஆனால் காய்ந்த தூளாகக் கிடக்கும் பிளீச்சிங் பவுடரால் பெரிய பயன் இல்லை. அது தண்ணீரில் கரைய வேண்டும். கரைந்த நீர் கிருமி இருக்கும் இடத்தை நனைத்துச் சில நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டும். சேறும் சாணமும் மண்டிய இடத்தில் கொட்டினால் அந்த அழுக்கிலேயே குளோரின் தீர்ந்துபோகும்.

வீட்டுக்குள் இந்த வெள்ளைக் கோட்டின் இடத்தைப் பிடித்திருப்பது வாசனை. தரை மணத்தால் சுத்தம் என்று நம்புகிறோம். பினாயில் எவ்வளவு வேலை செய்யும் என்பதை மூக்கு சொல்லாது, பாட்டிலின் சீட்டுதான் சொல்லும். கருப்பு பினாயில் வகைக்கு ரைடல்-வாக்கர் எண் என்று ஓர் அளவு உண்டு. மருந்து விதிகளின் ‘ஓ’ அட்டவணை இதை வைத்து 18, 10, 5 என்று மூன்று தரமாகப் பிரிக்கிறது. எண் கூடினால் வீரியம் கூடும். சீட்டில் ‘ஆர்.டபிள்யூ.சி’ என்று போட்டிருப்பது அதுதான். அதோடு தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்பதும் இருக்க வேண்டும். வண்டியில் கேனோடு வந்து பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் பினாயிலில் இதில் ஒன்றுகூட இருக்காது.

எனக்கு அந்தப் பாட்டிலே பெரிய கவலை. தண்ணீர் சேர்த்த வெள்ளை பினாயில் மோர் மாதிரியே இருக்கும். கழிப்பறை ஆசிட்டைத் தண்ணீரிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது. பள்ளி விட்டு தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எதையும் வாங்கிய டப்பாவிலேயே வையுங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் முட்டையும் வேண்டாம். ஆசிட் திரும்பி மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை புண்ணாக்கும்; பினாயில் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் கேட்கலாம். கண்ணில் தெறித்தால் முதலில் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும்.

இன்னொரு ஆபத்து, கலப்பது. இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பாகச் சுத்தமாகும் என்று ஆசிட் ஊற்றிய கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரையும் போடுவார்கள். அந்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். ஒரே ஒரு சின்ன ஜன்னல் வைத்த நம் ஊர்க் கழிப்பறையில் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் நெஞ்சை அது உடனே அடைக்கும். கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இருமலோ மூச்சிரைப்போ நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழிவுத் தொட்டி உள்ள வீடுகளில் தினமும் ஆசிட்டையும் பினாயிலையும் தாராளமாக ஊற்றுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு: தொட்டிக்குள் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் சாகும், தொட்டி சீக்கிரம் நிரம்பும்.

அன்றாடம் பெருக்கித் துடைக்கும் வீட்டுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் உள்ள வீட்டில்தான் கிருமிநாசினிக்கு வேலை. அங்கேயும் முதலில் சோப்பு, அப்புறம்தான் மருந்து. 33 சதவீதக் குளோரின் உள்ள நல்ல பிளீச்சிங் பவுடர் 30 கிராமை 10 லிட்டர் பக்கெட்டில் கரைத்தால் 0.1 சதவீதக் கரைசல். தரைக்கும் கதவுப் பிடிக்கும் இது போதும். ரத்தமோ வாந்தியோ சிந்திய இடத்துக்கு அதே 30 கிராமை ஒரே லிட்டரில் கரைத்து ஊற்றி, 10 நிமிடமாவது விட்டுத் துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குக் கரையுங்கள், பையின் வாயை இறுகக் கட்டுங்கள். ஈரமும் வெயிலும் பட்ட பவுடர் வெறும் சுண்ணாம்பாகிவிடும். கைக்கு ‘ஆன்டிபாக்டீரியல்’ சோப்பு தேடிக் காசை விட வேண்டாம். சாதா சோப்பைவிட அது மேல் என்று நிறுவனங்களால் காட்ட முடியாததால் 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 ரசாயனங்களை அத்தகைய சோப்புகளிலிருந்து விலக்கியது.

பயம் வரும்போது நாம் எவ்வளவு தூரம் போவோம் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. கொரோனா பரவிய 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்தார்கள். உள்ளே நடப்பவர் மேல் சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீர் தெளிக்கும். மற்ற ஊர்களும் ஆசையாகப் பின்பற்றின. அதே மாதம் மாநிலப் பொது சுகாதாரத் துறை இது வேண்டாம் என்றது, மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்றது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தச் சுரங்கங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ உத்தரவு போடும்படி மத்திய அரசிடம் சொன்னது. தரைக்கான மருந்து தோலுக்கும் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது.

இந்த மருந்துகளைத் தினமும் கையாள்பவர்கள் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள், ஒரகடம் பக்கத்து கம்பெனிகளுக்கு வண்டியேறிப் போகும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள். பெரிய கேனிலிருந்து பெயரில்லாத குட்டிப் பாட்டிலில் ஊற்றி, “இதை வெச்சு துடைம்மா” என்று கையில் கொடுக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது, மேலே பட்டால் என்ன செய்வது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, அது தொழிலாளியின் உரிமை. கையுறை, முகக்கவசம், பூட்ஸ் கொடுப்பது முதலாளியின் கடமை. காயம் பட்டால் மருத்துவச் செலவும் இழப்பீடும் கேட்கலாம். காண்ட்ராக்டில் சேர்ந்தவர் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த அட்டையோடு நேராக ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம்.

தெருவில் கேனில் ஆசிட் விற்பதும் சட்டப்படி சரியில்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது: வாங்குபவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று பதிவு செய்ய வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கவே கூடாது. போலிச் சீட்டு ஒட்டிய பாட்டிலோ காலாவதியானதோ கையில் கிடைத்தால் ரசீதையும் பாட்டிலையும் பத்திரப்படுத்தி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. அதனால் ரசீது கொடுக்கும் கடையில் வாங்குவதே முதல் பாதுகாப்பு.

தெருவில் தூவிய பவுடரும் நம் காசுதான். உத்திரமேரூர் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் குடவோலையில் நிற்கவே கூடாது என்கிறது. இன்று வருடத்துக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் நாமும் கணக்குக் கேட்கலாம்: எத்தனை மூட்டை வாங்கினீர்கள், எந்த மாதம் தயாரித்தது, தூவியவர்களுக்குக் கையுறை கொடுத்தீர்களா? அந்தப் பவுடரின் நிஜமான வேலை மேல்நிலைத் தொட்டியில் இருக்கிறது. தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், கலங்கியிருந்தால் கூடுதல். டேங்க் ஆபரேட்டரிடம் குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப் இருக்கிறதா என்று கேளுங்கள். தொட்டிக்கடியில் பார்த்துவிட்டு விட்டுவிடாமல், தெருக்கோடியில் இருக்கும் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் காட்ட வேண்டும்.